ரோஜாச் செடி வாங்கப் போனால் பூவைப் பார்க்காதீர்கள்

அம்மாவுக்கு ரோஜா என்றால் வாசம் அடிக்க வேண்டும். வாசம் இல்லாத ரோஜாவைத் தலையில் வைக்கவே மாட்டார், சாமி படத்துக்குப் போட்டுவிடுவார். தருமபுரியில் நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஒரு பன்னீர் ரோஜா இருந்தது, யாரும் பெரிதாகக் கவனிக்காமலேயே பூத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டைக் காலி செய்தபோது செடியை விட்டுவிட்டு வந்தோம். இப்போது மாடியில் தொட்டி வைக்க இடம் இருக்கிறது என்பதால் நல்ல ரோஜா வாங்கித் தர வேண்டும் என்று நாலு வருஷமாக அலைகிறேன், அதில் மனசு நொந்தது இரண்டு தடவை.

முதல் தடவை ஆன்லைனில். கருஞ்சிவப்பு, நல்ல வாசனை, ஒட்டுச்செடி என்று போட்டிருந்தார்கள், 350 ரூபாய். அட்டைப்பெட்டியில் ஐந்து நாள் கிடந்து வந்தது, பிரித்தால் பாதி இலை கொட்டிக் கிடந்தது. சரி, இலை கொட்டினால் செடி செத்தது என்று அர்த்தம் இல்லை. தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சையாக இருந்தது. நிழலில் பத்து நாள் வைத்து, உரம் எதுவும் போடாமல் தண்ணீர் மட்டும் விட்டேன், துளிர்த்துவிட்டது. அம்மா தினமும் காலையில் காபியோடு வந்து மொட்டு வந்துவிட்டதா என்று பார்ப்பார். மூன்று மாதம் கழித்துப் பூத்தது. கொத்துக் கொத்தாக, ஐந்து ரூபாய் நாணயம் அளவு, வெள்ளைப் பூ.

தொட்டி மண்ணை விரலால் விலக்கிப் பார்த்தேன். ஒட்டுப் போட்ட இடத்தில் எரிந்த தீக்குச்சி மாதிரி கறுத்துப்போன ஒரு சின்னத் துண்டு, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அதற்குக் கீழே, வேருக்குப் பக்கத்தில் இருந்து பென்சில் கனத்தில் இரண்டு தண்டு செழிப்பாக மேலே போயிருந்தன. ஒட்டு ரோஜா என்பது இரண்டு செடி சேர்ந்தது: கீழே வேர் மட்டும் கொடுக்கிற காட்டு ரோஜா, அதன் பட்டையைக் கீறி உள்ளே செருகிய நல்ல ரகத்தின் ஒரே ஒரு கண், அதாவது கிளை துளிர்க்கிற சின்ன மொட்டு. அந்தக் கண் செத்துவிட்டால் கீழே இருக்கிற அடிச்செடி தன் போக்கில் வளர்ந்துவிடும். நான் மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்தது அதைத்தான்.

விற்றவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். ஏழு நாளைக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்று பதில் வந்தது. இதுதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம். மிக்ஸியை ஏழு நாளில் ஓட்டிப் பார்த்துவிடலாம், ரோஜா என்ன நிறத்தில் பூக்கும் என்று ஏழு நாளில் யாருக்குத் தெரியும்? செடி விற்கிறவர்கள் செடியின் கணக்கில்தான் பொறுப்பு ஏற்க வேண்டும், முதல் பூ வரைக்குமாவது. அப்புறம், நீல ரோஜா, வானவில் ரோஜா, அதற்கு விதை என்று படம் போட்டு விற்பதை நம்பவே நம்பாதீர்கள். ரோஜாவில் நீல நிறத்துக்கான நிறமி இயற்கையில் கிடையாது. ஜப்பானில் சன்டோரி நிறுவனம் மரபணுவை மாற்றி 2009-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த பூவே ஊதா கலந்த நிறம்தான். வானவில் ரோஜா வெள்ளைப் பூவின் காம்பைப் பிளந்து சாயத் தண்ணீரில் நிறுத்தி எடுப்பது.

இரண்டாவது தடவை ஓசூருக்கே போனேன். 2004-ல் கிருஷ்ணகிரி தனியாகப் பிரியும் வரைக்கும் ஓசூரும் எங்கள் தருமபுரி மாவட்டம்தான், அதனால் நம்ம ஊர் ரோஜா என்ற எண்ணம் எங்களுக்கு உண்டு. பிப்ரவரி வந்தால் அங்கிருந்து தாஜ்மஹால் என்கிற சிவப்பு ரகம் பெட்டி பெட்டியாக வெளிநாட்டுக்குப் போகும். நீளக் காம்பு, வெல்வெட் மாதிரி இதழ். அதே ரகத்தில் மூன்று செடி, மூன்றிலும் பூவோடு, வாங்கிக்கொண்டு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஏப்ரல் வெயிலில் இலைக்கு அடியில் செஞ்சிலந்தி என்கிற, சாறு உறிஞ்சும் பொடிப் பூச்சி கூடு கட்டிக்கொண்டது, மூன்றுமே நுனியிலிருந்து கருகிக்கொண்டே வந்து போய்விட்டன. செடி மேல் குற்றம் இல்லை. அது பசுமைக்குடிலில், ஓசூரின் குளிர்ச்சியில், சொட்டு நீரிலேயே உரமும் குடித்து வளர்கிற ரகம், வாசமும் பெரிதாகக் கிடையாது. என் மொட்டை மாடிக்கு அது வந்திருக்கவே கூடாது. எங்கே வைக்கப் போகிறாய் என்று விற்றவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எனக்கும் அப்போது தெரியவில்லை.

கேட்கிற ஒருவர் போன வருஷம்தான் கிடைத்தார். பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன நர்சரி. நான் நேராகப் பூத்திருந்த வரிசைக்குப் போனேன்.

"எந்த ஊருங்க அக்கா?"

"தருமபுரிங்க."

"மாடியா, தரையா? போர் தண்ணியா, ஒகேனக்கல் தண்ணியா?"

எனக்கு அந்த இடத்திலேயே நம்பிக்கை வந்துவிட்டது. எங்கள் பக்கம் போர் தண்ணீரில் புளோரைடு அதிகம் என்றுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. உப்பும் சேர்ந்தே இருக்கும், தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரையே விட்டால் ரோஜாவின் புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், அது இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியாமல் வருவது. நான் இத்தனை நாளும் நோய் என்று நினைத்து மருந்து அடித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னை நிழல் வலைக்குள்ளிருந்து வெளியே கூட்டிப்போய், "உள்ள வளர்ந்தது உங்க வெயிலுக்குத் தாங்காதுங்க, வெளிய நிக்கறத எடுங்க" என்றார். பூ ஒன்றுகூட இல்லாத செடிகள். அதில் இரண்டு வாங்கினேன், கூடவே ஒரு பன்னீர் ரோஜா, அது ஒட்டு இல்லை, குச்சி வைத்து வந்த செடி.

அன்றைக்கு அவர் கையில் எடுத்துக் காட்டியதைத்தான் இப்போது எங்கே போனாலும் பார்க்கிறேன். முதலில் அடித்தண்டு. ஒட்டுப் போட்ட இடம் முண்டு மாதிரி புடைத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், அதிலிருந்து இரண்டு மூன்று கிளையாவது பிரிந்திருக்க வேண்டும். புடைப்பை மண் போட்டு மூடியிருந்தால் விலக்கிக் காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் வாங்க வேண்டாம். அடுத்தது வேர். கவரை லேசாக அமுக்கினால் மண் கட்டியாக இருக்க வேண்டும், பொலபொலவென்று உதிர்ந்தால் நேற்றுத்தான் தரையிலிருந்து பிடுங்கிக் கவரில் வைத்திருக்கிறார்கள். அப்புறம் இலையைத் திருப்பி அடியில் பாருங்கள், தூசி மாதிரிப் புள்ளியும் மெல்லிய நூலாம்படையும் இருந்தால் அந்த வரிசையையே விட்டுவிடுங்கள். பூ இருந்து செந்துளிர் இல்லாத செடியைவிட, பூ இல்லாமல் செந்துளிர் விடுகிற செடி நூறு மடங்கு மேல். ஏழு இலை வந்தால் காட்டு ரோஜா, ஐந்து வந்தால் நல்ல ரோஜா என்று நிறைய பேர் சொல்வார்கள், அதை நம்பி நல்ல கிளையை வெட்டிவிடாதீர்கள், நல்ல ரகத்திலும் ஏழு வரும். ஒட்டுக்குக் கீழே இருந்து கிளம்புகிறதா என்று மட்டும் பாருங்கள். கீழே இருந்து வந்தால் கத்தரிக்காமல் அடியோடு கிள்ளி எடுங்கள், கத்தரித்தால் மறுபடி முளைக்கும்.

ஆன்லைனில்தான் வாங்கியாக வேண்டும் என்றால் பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள், ஒட்டு இடத்தையும் வேரையும் அன்றைக்கே படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். ஏமாற்றியது உறுதி, பேசியும் பலன் இல்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

அந்த வெள்ளைப் பூச் செடியை நான் தூக்கிப் போடவில்லை. வேர் நல்ல வேர், நம்ம தண்ணீருக்கும் பழகிவிட்டது, அதிலேயே கண் ஒட்டலாமே என்று நர்சரிக்காரர்தான் சொன்னார். பட்டையை ஆங்கில டி (T) எழுத்து மாதிரி கீறி, அவரிடம் வாங்கிய சிவப்பு ரோஜாவிலிருந்து மூன்று கண் எடுத்துச் செருகி, கண் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி பிளாஸ்டிக் நாடாவால் சுற்றினேன். பதினெட்டு நாள் ஆகிறது. இரண்டு கறுத்துவிட்டன, ஒன்று பச்சையாக இருக்கிறது. அம்மா காலையில் இப்போது அதையும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.