பிப்ரவரி 2: ஒரே நாளில் நிழலும் மெழுகுவர்த்தியும் சதுப்புநிலமும்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பங்ஸடானி என்று ஒரு சிற்றூர். பிப்ரவரி 2 விடியலில் அங்கே கிரவுண்ட்ஹாக் என்ற, வளையில் வாழும் அணில் இன விலங்கை வெளியே எடுப்பார்கள். அது தன் நிழலைப் பார்த்தால் இன்னும் ஆறு வாரம் குளிர். காபிளர்ஸ் நாப் குன்றில் 1887 முதல் இதுதான் வழக்கம்.

நிழல் விழ வானம் தெளிவாக இருக்க வேண்டும். மேகமில்லாத குளிர்கால இரவில் தரையின் சூடு மேலே போய்விடும். அந்த விடியல் விறைக்கும். அதுவரை சரி. ஒரு காலை வெயிலை வைத்து 42 நாளைச் சொல்வதில்தான் கணக்கு பிசகுகிறது. ஆறு வாரம் முடிவது மார்ச் 16-இல். பகலும் இரவும் சமமாகி வசந்தம் தொடங்கும் சம இரவு நாளுக்கு அப்போது நான்கைந்து நாள்தான் பாக்கி!

இந்த வழக்கத்தின் வேர் ஜெர்மனியில். அங்கே நிழல் பார்த்தது பேட்ஜர் என்ற வளைவாழ் விலங்கு. அங்கிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள் புது மண்ணில் கிடைத்த விலங்குக்கு மாறிக்கொண்டார்கள்.

டிசம்பர் 25-ஐ ஒன்று என்று எண்ணுங்கள், நாற்பதாவது நாள் இந்த பிப்ரவரி 2. தேவாலயங்களில் மெழுகுவர்த்திகளை மந்திரிக்கும் திருநாள். பிரான்சில் ஒரு கையில் நாணயத்தைப் பிடித்தபடி மறு கையால் கிரேப் என்ற மெல்லிய தோசை போன்ற பண்டத்தைத் தூக்கிப் புரட்டுவார்கள்.

1971-இல் இதே தேதியில் ஈரானின் ராம்சரில், சதுப்புநிலம் போன்ற ஈரநிலங்களைக் காக்கும் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி, கடல் ஓதம் இறங்கியிருக்கும்போது 6 மீட்டர் ஆழத்தைத் தாண்டாத கடலும் ஈரநிலமே.