காசு சுண்டும் ஆள்

ஜூன் 3
ஆக்சிஜன் 89. அப்பா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. விடியற்காலையில், "அந்தக் காசு சுண்டுற ஆளோட கதைய படமா எடுத்தாங்களே, கிடைக்குதா பாரு" என்றார். பழைய ஹாலிவுட் நடிகர் ஜார்ஜ் ராஃப்டைச் சொல்கிறார்.

ஜூன் 4
கிடைத்தது. 'தி ஜார்ஜ் ராஃப்ட் ஸ்டோரி', 1961, கறுப்பு வெள்ளை. ஃபோனைத் தலையணையில் சாய்த்து, இயர்ஃபோன் ஆளுக்கு ஒரு காது. ராஃப்டாக ரே டான்டன். ஜேன் மான்ஸ்ஃபீல்ட் ஏற்றிருக்கும் நடிகை கற்பனைப் பாத்திரம். "இவன் அவன் இல்லடா" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். பாதியில் சிஸ்டர் நெபுலைசரோடு வந்துவிட்டார்.

ஜூன் 5
91!

ஜூன் 7
வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ராஃப்டைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். கள்ளச்சாராய தாதா ஓனி மேடன் சிறு வயதுச் சிநேகிதர். 1944-இல் பக்ஸி சீகலுக்காகக் கோர்ட்டில் சாட்சி சொன்னவர். ஊரே பார்க்க ஒரு ரவுடிக்காகக் கூண்டு ஏற ஒரு நடிகருக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! மூன்று வருஷத்தில் சீகலைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

படம் வந்தபோது ராஃப்டுக்கு 60 வயதுதான். அதுதான் மனசை அறுக்கிறது. 1965-இல் வரி வழக்கு, 1967-இல் பிரிட்டன் நாட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்றது. இதெல்லாம் அப்புறம் நடந்தவை. 1980 வரை இருந்தார். அந்த 19 வருஷத்தை யார் படமாக எடுத்தார்கள்? இருக்கிற மனுஷனின் கதையை முடித்து வைக்க எப்படி மனசு வந்தது?

அவருக்கும் நுரையீரல் நோய் இருந்திருக்கிறது. அப்பாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 8
கேன்டீன் இட்லி. இரண்டில் ஒன்றைச் சாப்பிட்டார்.

ஜூன் 10
காசு கேட்டார். ஐந்து ரூபாய் நாணயம் கொடுத்தேன். 1932 'ஸ்கார்ஃபேஸ்' படத்தில் ராஃப்ட் சுண்டியது போலக் கட்டை விரல் நகத்தில் நிறுத்தினார். விரல் நடுங்கியது. காசு எழும்பாமல் சரிந்து, போர்வை மடிப்பில் ஆக்சிஜன் குழாய் பக்கத்தில் விழுந்தது. எடுத்து மறுபடி நகத்தில் வைத்தேன். நாலு தடவை. நாலாவது தடவை ஒரு சாண் எழும்பியது, நான்தான் பிடித்தேன்.

'சம் லைக் இட் ஹாட்' படத்தில் காசு சுண்டும் ஒரு பையனிடமிருந்து ராஃப்டே அதைப் பிடுங்கிக்கொள்வார். அது 1959. அதைச் சொன்னேன். அப்பா மாஸ்க்குக்குள் சிரித்தார், இருமல் வந்துவிட்டது.

ஜூன் 11
88. படத்தில் மீதியைச் சாயந்திரம் பார்க்கலாம் என்கிறார். சார்ஜரை வீட்டில் விட்டுவிட்டேன்.