அப்பாவின் வலக்கண்ணில் விழுந்த திரை

வலக்கண்ணில் கரும்புள்ளிகள் மிதப்பதாகவும், இருட்டில் தலையைத் திருப்பினால் ஓரத்தில் மின்னல் வெட்டுவதாகவும் அப்பா ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடையில் பவரை அளந்து புதுக் கண்ணாடி கொடுத்தார்கள். நாங்களும் அதோடு விட்டுவிட்டோம். கிட்டப்பார்வை மிகுந்த கண்ணிலும், கண்புரை அறுவை செய்துகொண்ட கண்ணிலும், கண்ணின் உட்புறம் ஒளியை உணரும் படலமான விழித்திரை கிழியும் வாய்ப்பு அதிகம் என்பதும், அப்பாவுக்கு இரண்டுமே உண்டு என்பதும் அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. எட்டாம் நாள் காலை, மூக்கோரம் கீழிருந்து ஒரு கறுப்புத் திரை ஏறிவருகிறது என்றார்.

பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுப் பார்த்த மருத்துவர், மேற்புறத்தில் விழித்திரை கிழிந்து, அதன் வழியே நீர் புகுந்து, ஈரச் சுவரில் சுண்ணாம்பு உரிவதுபோல் அது உரிந்திருப்பதாக விளக்கினார். நுண்பார்வைக்குரிய நடுப்பகுதியான மாக்குலாவும் முந்தைய நாளே விலகியிருந்தது. அது ஒட்டியிருக்கும்போதே அறுவை செய்தால் வாசிக்கும் பார்வை பெரும்பாலும் தப்பும். விலகிய பிறகு ஒவ்வொரு நாளும் இழப்புதான். அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

விழித்திரை விலகினால் பார்வை போயிற்று என்றே ஒரு காலத்தில் கைவிட்டிருந்தார்கள். கிழிசலே காரணம், அதை அடைத்தால் விழித்திரை ஒட்டும் என்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜூல் கோனன் காட்டியது 1920களில். கண்ணுக்குள் இருக்கும் கூழை வெட்டி உறிஞ்சும் விட்ரெக்டமியை மயாமியில் ராபர்ட் மாக்கமர் தொடங்கியது 1970இல். அப்பாவுக்குச் செய்ததும் அதுவே: ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மூன்று துளைகள் வழியே, விழித்திரையை இழுத்துக்கொண்டிருந்த கூழை அகற்றி, நீரை வடித்து, கிழிசலைச் சுற்றி லேசர் வைத்து, விழித்திரையை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்க வாயு நிரப்பினார்கள்.

அறுவையைவிட அதன்பின் பத்து நாள் குப்புறக் கிடந்ததுதான் அவரை வாட்டியது. உயரம் ஏறினால் வாயு விரிந்து கண்ணழுத்தம் ஆபத்தான அளவுக்குக் கூடும் என்பதால், வாயு முழுதும் கரையும் வரை விமானம் மட்டுமல்ல, மலைப் பயணமும் கூடாது என்றார்கள். ஊட்டியில் நடந்த சித்தப்பா மகள் திருமணத்துக்கு அவர் போகவில்லை.

புள்ளிகளும் மின்னலும் திடீரெனத் தோன்றினால் அன்றே விழித்திரை மருத்துவரிடம் செல்லுங்கள். கிழிசலோடு நிற்கும் நிலையில் பெரும்பாலும் லேசரே போதும், படுத்துக் கிடக்கவும் வேண்டாம். இப்போது அப்பா வலக்கண்ணால் நாளிதழின் தலைப்புகளை வாசிக்கிறார். சிறிய எழுத்துகள் பிடிபடவில்லை, கதவு நிலை சற்று வளைந்தே தெரிகிறது என்கிறார்.