சூடு தெரிந்ததும் கழற்றிவிடு

அக்டோபர் 4, சனி

மகளுக்குப் புது ஐஸ் ஹாக்கி ஸ்கேட் (பனித்தரையில் சறுக்க, அடியில் உலோக அலகு வைத்த பூட்ஸ்) போட்டு முதல் பயிற்சி. முக்கால் மணி நேரம் ஆனதும் தடுப்பு ஓரமாக வந்து நின்று, "அம்மா, பின்னாடி சூடா இருக்கு" என்றாள். வலிக்கிறதா என்று கேட்டேன். "வலிக்கல, சூடா மட்டும்தான் இருக்கு." இன்னும் பத்து நிமிடம்தானே, முடித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டேன். அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் இப்போது மனசு கேட்கவில்லை. ஸ்கேட்டைக் கழற்றிப் பார்த்தால் வலது குதிகாலில் கட்டைவிரல் நகம் அளவுக்கு நீர் கோத்து நிற்கிறது. இடது காலில் சிவப்பு மட்டும்.

தோல் மேலே தேய்ந்துதான் கொப்புளம் வருகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மேல்தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. இரண்டுக்கும் நடுவில் தோலின் அடுக்குகள் இழுபட்டு இழுபட்டுப் பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் சேர்கிறது. வியர்வையில் ஊறிய தோல் என்றால் இன்னும் சீக்கிரம். அவள் சொன்ன சூடு, பிரிவதற்கு முன்னால் தோல் கொடுத்த எச்சரிக்கை.

அக்டோபர் 5, ஞாயிறு

இரவுக்குள் கொப்புளம் பெரிதாகிவிட்டது. தரையில் குதிகாலை ஊன்றவே முடியவில்லை.

சின்னதாக, வலிக்காமல் இருக்கும் கொப்புளத்தை உடைக்கவே கூடாது. மூடியிருக்கும் தோலைவிட நல்ல கட்டு கிடையாது. இது நடக்கவே விடாததால்தான் நீரை எடுத்தேன். கையையும் காலையும் சோப்பு போட்டுக் கழுவி, ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்து, உச்சியில் குத்தாமல் ஓரமாகக் கீழ்ப்பக்கம் மூன்று இடத்தில் குத்தினேன். என் தோளை இறுகப் பிடித்திருந்தவள், முதல் துளி வெளியே வந்ததும் "அவ்ளோதானா?" என்று பிடியை விட்டாள். தெளிந்த நீர்தான், சீழ் இல்லை. பஞ்சால் மெல்ல ஒற்ற ஒற்றத் தோல் சுருங்கி அடியில் படிந்தது. அந்தத் தோலை வெட்டவில்லை. வாசலின் தடவி, ஒட்டாத காஸ் துணி வைத்துக் கட்டினேன்.

சர்க்கரை நோயோ காலில் ரத்த ஓட்டக் குறைவோ உள்ளவர்கள் இதை வீட்டில் செய்ய வேண்டாம். நேரே டாக்டரிடம் போய்விடுங்கள்.

அக்டோபர் 7, செவ்வாய்

தினமும் கட்டு மாற்றும்போது நான் தேடுவது நாலு விஷயம்: சுற்றிலும் பரவும் சிவப்பு, தொட்டால் கொதிப்பு, சீழ், காலில் மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு. ஒன்றும் இல்லை. குளிக்கும்போது மேல்தோல் மட்டும் கிழிந்துவிட்டது. அதனால் காஸுக்குப் பதில் ஹைட்ரோகொலாய்டு பிளாஸ்டர் ஒட்டினேன். ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மெத்தைபோல நிற்கும். தானாக விளிம்பு பிரியும்வரை அதைத் தொடத் தேவையில்லை.

பயிற்சி கிடையாது. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறாள்.

அக்டோபர் 9, வியாழன்

ஸ்கேட் அளவு பார்ப்பதில் அனுபவமுள்ள ஒரு பெரியவரிடம் ஸ்கேட்டை எடுத்துப் போனோம். லேஸைத் தளர்த்தி, விரல் நுனி முன்னால் முட்டும்வரை காலைத் தள்ளச் சொன்னார். குதிகாலுக்குப் பின்னால் தன் இரண்டு விரலைச் சுலபமாக விட்டார். "ஒரு விரலுக்கு மேல போனாலே அதிகம்மா. குழந்தை கால் மென்மைன்னு இல்ல, காலு உள்ள ஆடுது."

வாங்கிய கடையில் ஷூ அளவையே கொடுத்து, வளரும் பிள்ளை, இரண்டு வருஷம் வரும் என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஹாக்கி ஸ்கேட் பொதுவாக ஷூ அளவைவிட ஒன்று, ஒன்றரை எண் குறைவாகத்தான் இருக்கும். நிமிர்ந்து நின்றால் விரல் முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும், முட்டியை மடக்கினால் குதிகால் பின்னால் போய் உட்கார்ந்து விரல் விலக வேண்டும். வளர்வதற்கு என்று விடும் இடம் அத்தனையும் கொப்புளத்துக்கான இடம். இதை எல்லா அம்மா அப்பாவிடமும் சொல்லத் தோன்றுகிறது.

அக்டோபர் 11, சனி

அணியில் இன்னொரு பெண்ணுக்குக் கால் வளர்ந்து, சிறிதாகிப்போன ஸ்கேட் கிடைத்தது. பெரியவர் அதை ஸ்கேட்டுக்கென்றே உள்ள அடுப்பில் சில நிமிடம் சூடாக்கி, கால் வடிவத்துக்குப் படியட்டும் என்று இளகியபோதே அவள் காலில் மாட்டினார். லேஸைப் பக்கவாட்டில் இழுக்காமல் முன்னோக்கி இழுத்தார். சூட்டில் லேஸ் துளை பிய்ந்து வந்துவிடுமாம். எழுந்து நிற்காமல், ஆறும்வரை கால் மணி நேரம் உட்கார வைத்தார். 24 மணி நேரத்துக்கு ஐஸில் இறங்கக் கூடாது.

லேஸ் கட்டவும் சொல்லிக் கொடுத்தார். முதலில் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னால் உட்கார்த்து. விரல் பக்கம் தளர்வு, மேற்பாதத்திலும் கணுக்காலிலும் இறுக்கம். கூடவே ஒரு மாற்றம்: தடித்த பருத்தி சாக்ஸ் வேண்டாம், அது வியர்வையைப் பிடித்துவைக்கும். மெல்லிய செயற்கை இழை சாக்ஸ் ஒன்றே ஒன்று போதும்.

அக்டோபர் 18, சனி

அரை மணி நேரம் மட்டும் ஓட்டினாள். புதுத் தோல் இன்னும் இளஞ்சிவப்பாக இருப்பதால் குதிகாலில் பேப்பர் டேப் (காயத்துக் கட்டை ஒட்டும் மெல்லிய டேப்) ஒட்டி அனுப்பினேன். பாலைவனத்தில் 250 கிலோமீட்டர் ஓடியவர்களை வைத்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சாதாரண டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 சதவீதம் குறைந்திருந்தது. மருந்துக் கடையில் சும்மா கிடக்கும் பொருள். காய்ந்த காலில், சுருக்கம் விழாமல் ஒட்ட வேண்டும். சுருக்கம் இருந்தால் அதுவே கடிக்கும்.

குதிகால் தப்பியது. ஆனால் இடது கணுக்காலின் உள்பக்க எலும்பு சிவந்திருக்கிறது.

அக்டோபர் 25, சனி

பெரியவர் என் லிப்ஸ்டிக்கைக் கேட்டார்! சிவந்த எலும்பின் மேல் ஒரு பொட்டு வைத்து, வெறுங்காலோடு ஸ்கேட்டுக்குள் விட்டு எடுத்தார். உள்ளே துணியில் அச்சாகச் சிவப்பு ஒட்டியிருந்தது. எலும்பு உரசும் இடம் சரியாக அதுதான். அங்கே மட்டும் கருவியால் அழுத்தி வெளிப்பக்கம் சின்னதாகக் குழிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் உள்தட்டைக் கழற்றித் தனியாகக் காயவைக்கிறேன். இதுவரை ஈரத்தோடு பைக்குள்ளேயே கிடந்தது.

நவம்பர் 1, சனி

ஆட்டத்தின் நடுவில் அவளே ஓரத்துக்கு வந்தாள். "அம்மா, இடது பக்கம் சூடு." கழற்றினோம். காலைத் துடைத்து, டேப் ஒட்டி, சாக்ஸின் மடிப்பை இழுத்துவிட்டு, குதிகாலை இரண்டு தட்டு. லேஸைக் கட்டிக்கொண்டு மறுபடி இறங்கிவிட்டாள். வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிவப்புகூட இல்லை.