மேற்கோள் குறியை நீக்கினால் போதுமா?

மற்றவர் எழுதிய நிரலைச் சரிபார்க்கும் கோடு ரிவ்யூவில் நான் அடிக்கடி பார்க்கும் ஒரு ஃபங்ஷன் உண்டு. பயனர் தட்டச்சு செய்ததிலிருந்து ஒற்றை மேற்கோள் குறியை நீக்கும், கோண அடைப்புகளை நீக்கும். மேலே ‘செக்யூரிட்டிக்காக’ என்று ஒரு கமெண்ட் இருக்கும். அதைப் பார்த்ததும், டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் மொழியான எஸ்கியூஎல் எங்கே எழுதப்படுகிறது என்றுதான் தேடுவேன். பெரும்பாலும் அங்கே பயனர் தந்த மதிப்பை அப்படியே கூட்டல் குறி போட்டு வினவலோடு ஒட்டியிருப்பார்கள்.

ஓட்டை அந்த ஒட்டலில்தான் இருக்கிறது. ஆர்டர் எண் வரவேண்டிய இடத்தில் எண்ணோடு ‘ஆர் 1=1’ (OR 1=1, அதாவது ‘அல்லது 1=1’) என்று சேர்த்து அனுப்பினால், 1=1 எப்போதும் உண்மை என்பதால், அட்டவணையில் உள்ள எல்லா ஆர்டர்களும் வந்துவிடும். இதில் மேற்கோள் குறியே இல்லை, வடிகட்ட என்ன இருக்கிறது? வினவலில் மதிப்புக்கு இடம் மட்டும் விட்டுவைக்கும் பாராமீட்டர் வைத்து எழுதினால் வினவலின் வடிவம் தனியாகவும் மதிப்பு தனியாகவும் டேட்டாபேஸுக்குப் போகும். பயனர் எதை எழுதினாலும் அது வெறும் மதிப்பாகவே நிற்கும்.

வடிகட்டிகள்மேல் எனக்குக் கோபம் வர இன்னொரு காரணமும் உண்டு. ஒரு படிவத்தில் பெயருக்கு ‘எழுத்துகள் மட்டும்’ என்று, உலக மொழிகளின் எழுத்துகளைக் கணினிக்காக வகைப்படுத்தும் யூனிகோடு தரத்தை வைத்து விதி போட்டிருந்தார்கள். யூனிகோடு கணக்கில் தமிழின் புள்ளியும் துணைக்காலும் கொம்பும் ‘எழுத்து’ வகையில் வராது, ‘குறி’ வகையில்தான் வரும். அதனால் ‘கண்ணன்’ என்று எழுதினால் செல்லாத பெயர் என்று திருப்பி அனுப்பியது. சொந்தப் பெயரை எழுதியவரைத் தாக்க வந்தவர்போல நடத்துவது சரியில்லை. பெயர் எந்த எழுத்தில் வேண்டுமானாலும் வரட்டும், அதைத் திரையில் காட்டும்போது எஸ்கேப் செய்வது, அதாவது பிரௌசர் அதைக் கட்டளையாக எடுக்காமல் வெறும் எழுத்தாகக் காட்டும்படி மாற்றுவது, நம் வேலை.

அங்கேயும் ஒரு வாதம் வரும்: ‘இது நம் ஊழியர்கள் மட்டும் பார்க்கும் பக்கம்தானே?’ எஸ்கேப் செய்யாவிட்டால், வாடிக்கையாளர் புகார்ப் பெட்டியில் எழுதிய ஸ்கிரிப்ட் (பிரௌசரில் ஓடும் நிரல்), அதை அட்மின் திறக்கும்போது அட்மினின் அதிகாரத்தோடு ஓடும். வெளிப்பக்கத்தைவிட அந்தப் பக்கத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

பழைய பக்கங்களும் அப்படித்தான். பிரிட்டனில் 2015 அக்டோபரில் டாக்டாக் என்ற தொலைபேசி, இணையச் சேவை நிறுவனத்தில் சுமார் 1,57,000 வாடிக்கையாளர்களின் விவரங்கள் திருடுபோயின. மேலே சொன்னதுபோல வினவலுக்குள் கட்டளையை நுழைக்கும் எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன்தான் வழி. உள்ளே போன இடம், டிஸ்காலி என்ற இணையச் சேவை நிறுவனத்தின் பிரிட்டன் பிரிவை வாங்கியபோது கூடவே வந்த பழைய வலைப்பக்கங்கள். அந்த டேட்டாபேஸ் மென்பொருளில் இருந்த பிழைக்கு மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகத் திருத்தம் கிடைத்துக்கொண்டிருந்தது. மறு ஆண்டு, பிரிட்டனில் தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையர் அலுவலகம் 4 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. விவரம் திருடுபோனவர்களுக்கு அந்தப் பழைய பக்கங்கள் இருப்பதே தெரிந்திருக்காது.

பாராமீட்டரும் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. அட்டவணையின் எந்தப் பத்தியை (நெடுவரிசையை) வைத்து வரிசைப்படுத்துவது என்பதைப் பயனர் தேர்ந்தெடுக்கும்போது, பத்தியின் பெயரைப் பாராமீட்டராக அனுப்ப முடியாது. அங்கே அனுமதித்த பெயர்களின் பட்டியலை நாமே வைத்து, அதில் இருப்பதை மட்டும் வினவலில் சேர்க்க வேண்டும். ரிப்போர்ட் பக்கம் ரிவ்யூவுக்கு வந்தால் நான் முதலில் திறப்பது அந்த வரியைத்தான்.