ஏறாத மொத்தம்

போன செவ்வாய்க்கிழமை மதியம், டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தான். "அக்கா, டோட்டல் ஏறவே மாட்டேங்குது. எரரும் வரல."

எக்ஸ்எம்எல்லில் (தரவைக் குறிச்சொற்களோடு எழுதும் வடிவம்) வரும் பில் விவரத்தை, அதை மாற்றித் தரும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி வழியாக அச்சுப் பக்கமாக மாற்றும் வேலை. ஒவ்வொரு வரியிலும் அளவும் விலையும் மட்டும் இருக்கும்: 10 × 120, 5 × 170, 2 × 215. பக்கத்தில் அதுவரை சேர்ந்த தொகை வர வேண்டும். அவனுக்கு வந்தது 1200, 850, 430. அடியில் மொத்தம் 0.

ஸ்டைல்ஷீட்டின், அதாவது எக்ஸ்எஸ்எல்டி கோப்பின், தலையில் ‘மொத்தம்’ என்று ஒரு வேரியபிள் (பெயர் வைத்த மதிப்பு), மதிப்பு 0. ஒவ்வொரு வரியையும் எடுக்கும் ஃபார்-ஈச் கட்டளையின் உள்ளே அதே பெயரில் இன்னொன்று: மொத்தம் கூட்டல் இந்த வரியின் தொகை. ஜாவா எழுதிப் பழகிய கை அப்படித்தான் எழுதும். ஆனால் எக்ஸ்எஸ்எல்டியில் வேரியபிளுக்கு ஒரு முறை மதிப்பு கொடுத்தால் கொடுத்ததுதான். அவன் உள்ளே எழுதியது புது வேரியபிள். ஒவ்வொரு வரியிலும் புதிதாகப் பிறந்து, மேலே இருக்கும் 0-வோடு தன் தொகையைக் கூட்டிக்கொண்டு, வரி முடிந்ததும் போய்விடுகிறது. இரண்டும் ஒரே டெம்ப்ளேட்டுக்குள் (கட்டளைத் தொகுதி) இருந்திருந்தால் எக்ஸ்எஸ்எல்டியின் 1.0 பதிப்பு பிழை என்று சொல்லியிருக்கும். வெளியே பொதுவாக இருப்பதை உள்ளே மறைப்பதற்கு அனுமதி உண்டு, அதனால்தான் சத்தமே இல்லை.

ஃபார்-ஈச் என்ற பெயர்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. அது ஜாவாவில் உள்ளது போன்ற சுற்று (லூப்) அல்ல. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இதைச் செய் என்ற கட்டளை. முந்தைய வரியில் நடந்தது அடுத்த வரிக்குத் தெரியாது. நடுவில் நிறுத்தவும் முடியாது.

தொகை எக்ஸ்எம்எல்லிலேயே இருந்திருந்தால் கஷ்டமே இல்லை. முன்னால் உள்ள வரிகளின் தொகைகளையும் இதையும் சேர்த்து, கூட்டித் தரும் ‘சம்’ ஃபங்ஷனைப் போட்டால் போதும். ஆனால் 1.0-வின் சம் பெருக்கிக் கூட்டாது. 2.0-வில் அது ஒரே வரி வேலை, 3.0-வில் ஒரு வரியின் மதிப்பை அடுத்த வரிக்குக் கொண்டுபோகும் இட்டரேட் என்றே ஒன்று வந்துவிட்டது. எங்கள் சர்வரில் இருப்பது 1999-இல் வந்த 1.0 மட்டும் தெரிந்த பிராசஸர் (எக்ஸ்எஸ்எல்டியை ஓட்டும் மென்பொருள்).

சரி, தன்னையே கூப்பிடும் டெம்ப்ளேட்தான் வழி என்று உட்கார்ந்தோம். கூப்பிடும்போது கொடுக்க இரண்டு பாராமீட்டர்: மிச்சமிருக்கும் வரிகள், இதுவரை சேர்ந்த தொகை. முதல் வரியை எடுத்துப் பெருக்கு, கூட்டு, அச்சிடு. அப்புறம் முதல் வரியை விட்டுவிட்டு மற்றவற்றையும் புது மொத்தத்தையும் கொடுத்து அதே டெம்ப்ளேட்டைக் கூப்பிடு. வரிகள் தீர்ந்தால் நின்றுவிடும். மதிப்பு மாறவில்லை, கைமாறுகிறது. இதைச் சொன்னதும் அவன் முகம் தெளிந்தது. 1200, 2050, 2480 என்று வந்தபோது எனக்கும் அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் வேறொரு பில்லில் நான்காவது வரி முதல் கடைசி வரை தொகைக்குப் பதில் ‘எண் அல்ல’ (NaN) என்று வந்தது. டெம்ப்ளேட்டைக் கூப்பிடும் இடத்தில், மதிப்பைக் காட்டும் மெசேஜ் போட்டுப் பார்த்தோம். லாரி வாடகை வரியில் அளவு காலி. காலியை எண்ணாக்கினால் எண் அல்ல. அதோடு எதைக் கூட்டினாலும் எண் அல்ல. எண் அல்லாதது தனக்குத் தானே சமமாகாது என்பதால், அதை வைத்தே சோதித்துவிடலாம்.

அந்தச் சோதனைக்கு அவன் இஃப் (நிபந்தனைக் கட்டளை) உள்ளே வேரியபிளை வைத்து வெளியே தேடினான், அப்படி ஒன்றே இல்லை என்று பிழை. இஃப் மூடியதோடு அதன் ஆயுள் முடிந்தது. திருப்பிப் போடச் சொன்னேன்: வேரியபிள் வெளியே, அதற்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சூஸ், எண்ணாக இருந்தால் பெருக்கல், இல்லையென்றால் விலை மட்டும்.

இப்போது வாடகையும் சேர்ந்து ஏறுகிறது. இந்த வாரம் பக்க முடிவில் வரும் ‘முன் பக்கத் தொகை’யை அவனே எழுதிக்கொண்டிருக்கிறான். மூன்றாவது பாராமீட்டராக வரி எண்ணைச் சேர்த்திருக்கிறான்.