தனியாகக் கேளுங்கள்

"மாடிப்படியில விழுந்துட்டேன்" என்று வரும் பெண்ணிடம், கணவர் பக்கத்தில் நிற்கும்போது மருத்துவமனை ஊழியர் "வீட்ல பிரச்சினையா?" என்று கேட்பது அவளுக்குத்தான் ஆபத்து. எக்ஸ்ரே அறையில் தனியாகக் கேளுங்கள். மொழி புரியாவிட்டால் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், பாவம்.

கழுத்தை நெரித்தாரா என்று கட்டாயம் கேளுங்கள். பலருக்கு வெளியே தடமே இருக்காது. குரல் கரகரக்கும், விழுங்கினால் வலிக்கும், கண்வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் தெரியலாம். ஒருமுறை நெரித்தவர் பிறகு கொலை வரை போகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம்.

பதிவேட்டில் 'குடும்பத் தகராறு' என்று எழுதினால் வழக்கில் ஒன்றுக்கும் உதவாது. யார், எதைக் கொண்டு அடித்தார் என்று அவள் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள்; காயத்தின் இடம், நிறம், சென்டிமீட்டரில் அளவு, எல்லாம் வேண்டும். ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் இதெல்லாம் வேண்டாம். அது முதலில் போவது கணவர் கைக்கு.